டெட் ஸ்பேஸ் 2008-ஐ இன்றைக்கு எடுத்து ஆடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன மாதம் முழுக்க, வேலை முடிந்து பெங்களூரு பீன்யாவிலிருந்து மெட்ரோ பிடித்து ஸ்ரீராமபுரம் வந்து, சாப்பிட்டு, விளக்கை அணைத்துவிட்டு இந்த கேமை மறுபடி ஆடி முடித்தேன். பட்டறையில் கூட வேலை செய்பவர்கள், அக்கா பையன், மாடி வீட்டுத் தம்பி என்று ஆளாளுக்குக் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் கீழே. கதையின் முடிவு ஒரே ஒரு கேள்வியில்தான் வருகிறது, அங்கே எச்சரிக்கை போட்டிருக்கிறேன்.

இது என்ன கேம்? இரண்டு வரியில் சொல்லுங்கள்.

2008 அக்டோபரில் வெளிவந்த விண்வெளிப் பேய்க் கதை. கேமரா ஹீரோவின் தோளுக்குப் பின்னால் நிற்கும், நாம் சுட்டுக்கொண்டே போக வேண்டும். எலக்ட்ரானிக் ஆர்ட்ஸின் ரெட்வுட் ஷோர்ஸ் ஸ்டுடியோ செய்தது. அதே ஸ்டுடியோதான் அடுத்த வருஷம் விஸெரல் கேம்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. பிசி, பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 மூன்றிலும் வந்தது.

கதை?

வருஷம் 2508. ஒரு கிரகத்தையே உடைத்து அதிலிருந்து தாது எடுக்கும் ராட்சதக் கப்பல், பெயர் இஷிமுரா. அதிலிருந்து எந்தத் தகவலும் வரவில்லை, ஏதோ பழுது என்று நினைத்து ஒரு சிறிய குழுவை அனுப்புகிறார்கள். அதில் போகும் இன்ஜினியர்தான் ஐசக் கிளார்க். (ஐசக் அசிமோவ், ஆர்தர் சி. கிளார்க் என்ற இரண்டு அறிவியல் புனைகதை எழுத்தாளர்களின் பெயரையும் சேர்த்து வைத்த பெயர்.) அவனுடைய காதலி நிக்கோல் அந்தக் கப்பலில் மருத்துவ அதிகாரி. போய் இறங்கினால் கப்பலில் வேலை செய்தவர்கள் முக்கால்வாசிப் பேர் செத்துக் கிடக்கிறார்கள். செத்தவர்கள் எழுந்து, எலும்பு கத்தியாக நீண்ட உடம்போடு துரத்துகிறார்கள். இதற்கு மேல் சொன்னால் ஆடுவதில் ருசி போய்விடும்.

பதினைந்து வருஷத்துக்கும் மேல் பழசு. இப்போது பார்த்தால் கண்ணை உறுத்தாதா?

முகங்கள் உறுத்தும். மனிதர்கள் பேசும்போது உதடு மரப்பாச்சி மாதிரி அசையும், தலைமுடி ஒரே கட்டியாக இருக்கும். அதை மறைக்க விரும்பவில்லை. நல்ல வேளையாக இந்தக் கதையில் முழுசாக முகம் காட்டும் மனிதர்கள் ரொம்பக் குறைவு. ஐசக்கே கிட்டத்தட்ட ஆட்டம் முழுக்க ஹெல்மெட்டுக்குள்தான் இருக்கிறான்.

கொஞ்சமும் பழசாகாத ஒன்று இருக்கிறது, நான் திரும்பி வந்ததே அதற்காகத்தான். திரையின் மூலையில் ஒரு எண் கூட இருக்காது. மற்ற கேம்களில் உயிர் எவ்வளவு, குண்டு எவ்வளவு என்று ஓரத்தில் எழுதியிருப்பார்கள் இல்லையா, இங்கே அப்படி எதுவும் கிடையாது. ஐசக்கின் முதுகெலும்பு நெடுக ஒரு விளக்குக் குழாய் ஓடுகிறது, அதுதான் அவன் உயிர். அடிபட அடிபட அது குறைந்துகொண்டே வந்து கடைசியில் சிவப்பாகிறது. துப்பாக்கியைத் தூக்கிக் குறி வைத்தால்தான் எத்தனை குண்டு பாக்கி என்பது துப்பாக்கியின் மேலேயே ஒளியாகத் தெரியும். பையைத் திறந்தால் அவன் முன்னால் காற்றில் ஒரு படம் விரிகிறது, ஆனால் ஆட்டம் நிற்பதில்லை. மருந்து எங்கே என்று நீங்கள் தேடிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து ஒன்று வந்து கழுத்தில் விழலாம்.

2009-ல் ஆடியபோது இதெல்லாம் ஸ்டைலுக்காகச் செய்தது என்றுதான் நினைத்தேன். இப்போதுதான் புரிகிறது, ஓரமாகப் பார்த்துவிட்டுத் திரும்ப வேறு இடம் இல்லாததால் கண் அந்த மனிதனை விட்டு நகரவே முடியாது. அவன் முதுகு வளைந்து மூச்சு வாங்குவது, காலை இழுத்து நடப்பது எல்லாம் நம் மேல் ஏறிவிடுகிறது.

தலையில் சுட்டாலும் சாகமாட்டேன் என்கிறதே?

சாகாது. முதல் அத்தியாயத்தில், ஐசக்கின் முதல் ஆயுதமான பிளாஸ்மா கட்டர் கிடைக்கிற இடத்திலேயே சுவரில் ரத்தத்தால் எழுதியிருக்கும்: கை கால்களை வெட்டு என்று. மற்ற எல்லா கேமும் தலையைப் பார்த்துச் சுடச் சொல்லிக் கொடுத்த பழக்கத்தை இந்த கேம் அங்கேயே உடைக்கிறது. தலை போனால் அது கண்மூடித்தனமாகக் கையை வீசிக்கொண்டு இன்னும் வேகமாக வரும். காலை வெட்டினால் விழுந்து தவழ்ந்து வரும், அப்போது கையை வெட்ட நேரம் கிடைக்கும். ஸ்டேசிஸ் என்று ஒன்று ஆரம்பத்திலேயே கிடைக்கும், எதிரியின் வேகத்தைக் கொஞ்ச நேரம் ஆமை மாதிரி ஆக்கிவிடும். அதைச் சேர்த்து வைக்காதீர்கள், தாராளமாகச் செலவு பண்ணுங்கள், சுவரிலேயே அங்கங்கே நிரப்பும் இடம் இருக்கிறது.

ஒரு கையில் மஞ்சளாகப் பளபளக்கும் பை தொங்கினால் அது வெடிக்கிற வகை. கையோடு சேர்த்து வெட்டி எடுத்து, கினேசிஸால் (தொடாமலே பொருளைத் தூக்கும் சக்தி) தூக்கிக் கூட்டத்துக்கு நடுவில் எறியுங்கள்.

பிளாஸ்மா கட்டர் என்று நிஜமாகவே ஒன்று இருக்கிறதா?

இருக்கிறது. இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் பட்டறையில் நான் தினமும் நிற்பதே அதன் பக்கத்தில்தான்.

பீன்யாவில் எங்களைப் போல தகடு வெட்டி, வளைத்து, பற்றவைத்துக் கொடுக்கிற சின்னச் சின்னப் பட்டறைகள் நிறைய. அங்கே பிளாஸ்மா கட்டிங் என்பது சாதாரண வேலை. கம்ப்ரஸரிலிருந்து வரும் காற்றை டார்ச்சின் சிறிய நாசில் வழியாக வேகமாகத் தள்ளுகிறோம், உள்ளே எலக்ட்ரோடிலிருந்து மின்வில் பாய்கிறது, அந்தக் காற்று அயனியாகி பிளாஸ்மாவாகிறது. சூரியனின் மேற்பரப்பைவிடச் சூடு அதிகம். இரும்போ, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ, அலுமினியமோ, அந்த இடத்தில் உருகுகிறது, உருகியதைக் காற்றே கீழே ஊதித் தள்ளிவிடுகிறது. மின்சாரம் தகடு வழியாகத் திரும்பிப் போக வேண்டும், அதனால் மின்சாரம் கடத்தாத மரத்தையோ பிளாஸ்டிக்கையோ எங்கள் மெஷினில் வெட்ட முடியாது. நாசிலுக்கும் தகட்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டர்தான் இடைவெளி. ஆக, ஐசக் செய்வதுபோல அறையின் அந்தக் கோடியில் நிற்பதை வெட்டுவதெல்லாம் நடக்காத காரியம்.

ஆனால் கேமில் அவர்கள் சரியாகப் பிடித்திருக்கிற ஒன்று வேறு. ஐசக்கின் கட்டர் மூன்று ஒளிப் புள்ளிகளைக் காட்டும், ஒரு பட்டனைத் தட்டினால் தலை சுழன்று கிடைமட்டமாக இருந்தது செங்குத்தாகிவிடும். தொங்கும் கையை வெட்டக் கிடைமட்டம், நிற்கும் காலை வெட்டவும் கிடைமட்டம், பக்கவாட்டில் விரித்த கையை வெட்டச் செங்குத்து. எந்தத் தகட்டை எந்தப் பக்கமிருந்து வெட்டுவது என்று பார்க்கிற கண் அது. சிப்பாயின் கண் வேறு மாதிரி இருக்கும். அவன் கையில் வரும் ஆயுதங்களில் பல்ஸ் ரைஃபிள் ஒன்றுதான் ராணுவத்துக்காகச் செய்த துப்பாக்கி, மிச்சமெல்லாம் சுரங்கத்திலும் பழுதுபார்ப்பிலும் பயன்படுகிற சாமான்கள். ரிப்பர் என்பது பறந்து சுழலும் ரம்பம். எங்கள் போர்மேன் அண்ணனுக்கு அதைக் காட்டினேன், அவர் கேட்ட முதல் கேள்வி: "பாதுகாப்பு மூடி இல்லாமல் பிளேடை ஓட்டுறானே, யார் அனுமதிச்சா?"

ஹீரோ ஏன் வாயே திறப்பதில்லை? எல்லோரும் அவனை வேலை வாங்கிக்கொண்டே இருக்கிறார்களே?

சின்ன வயதில் எனக்கும் இதே குறைதான். பெரியப்பா பையன், அண்ணன், எஸ்.பி. ரோட்டில் ஒவ்வொரு பாகமாக வாங்கிச் சேர்த்த கம்ப்யூட்டரில் 2009-ல் முதல்முறை ஆடினோம். நான் அப்போது ஐ.டி.ஐ. படித்துக்கொண்டிருந்தேன். எங்களுக்கு அது வெறும் பேய் கேம். பேய் எப்போது வரும் என்பதைத் தவிர வேறு எதையும் கவனிக்கவில்லை, நடுவில் அவர்கள் சொல்லும் வேலைகளெல்லாம் இழுவை என்று திட்டிக்கொண்டே ஆடினோம்.

இந்தத் தடவை அந்த வேலைகளைத்தான் கவனித்தேன். வரிசையாகச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள். கப்பலுக்குள் ஓடும் ட்ராம் நின்றுவிட்டது, போய்ச் சரி செய். இன்ஜினுக்கு எரிபொருள் போகவில்லை, போய்த் திறந்துவிடு, அப்படியே ஈர்ப்பு விசைக்கான சென்ட்ரிபியூஜையும் ஓடவிடு. விண்கற்களைத் தடுக்கும் பீரங்கி தானாக இயங்கவில்லை, நீயே உட்கார்ந்து சுடு. செடிகள் வளர்க்கும் தளத்தில் காற்று நஞ்சாகிவிட்டது, மருந்து கலந்து கொண்டுபோய்ப் போடு. அபாய சமிக்ஞை அனுப்ப வேண்டும், சுரங்கத் தளத்துக்குப் போ. தகவல் தொடர்பு ஆன்டெனா உடைந்திருக்கிறது, போய்த் தட்டுகளை மாற்றி வை. பன்னிரண்டு அத்தியாயமும் பிரேக்டவுன் அழைப்புதான்! குழுவில் கூட வந்த ஹேமண்டும் கெண்ட்ராவும் பத்திரமான அறையிலிருந்து படத்தில் வந்து பேசிவிட்டுப் போகிறார்கள், அவன் நடந்து போகிறான். ராத்திரி ஷிப்டில் போன் அடித்து, லைன் நின்றுவிட்டது, எப்போது வருவாய் என்று கேட்கும் குரலைக் கேட்டிருக்கிறவர்களுக்கு அந்தப் படங்கள் வரும்போது வயிற்றில் ஏதோ செய்யும்.

கப்பல் முழுக்க அங்கே வேலை பார்த்தவர்களின் ஒலிப்பதிவுகளும் குறிப்புகளும் கிடக்கின்றன. ஓடிக் கடந்து போகாதீர்கள். முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் பிரஸ் மெஷினின் சென்சார் கெட்டுப் போய் மூன்று வாரம் எழுதிக் கொடுத்தோம், யாரும் பார்க்கவில்லை, கடைசியில் ஒருத்தர் விரல் போனது. இஷிமுராவின் குறிப்புகளைக் கேட்கும்போது அந்த நோட்டுப் புத்தகம்தான் ஞாபகம் வந்தது. கிரகத்திலிருந்து கொண்டுவந்த பொருளைப் பற்றிக் கீழே இருப்பவர்கள் பயப்படுகிறார்கள், மேலே இருப்பவர்களுக்கு அது வேண்டும். யூனிடாலஜி என்ற மதத்தை வைத்து கேம் சொல்கிற கதையும் இதோடு சேர்ந்ததுதான்.

அவன் பேசாதது இப்போது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. அவனிடம் யாரும் எதையும் கேட்கவில்லையே.

ரொம்பப் பயமாக இருக்குமா?

இருக்கும். பயமுறுத்துவதில் பாதி ஒலி. இசை அமைத்தவர் ஜேசன் கிரேவ்ஸ், 2009-ல் இந்த கேமின் இசைக்கும் ஒலிக்கும் சேர்த்து இரண்டு பாஃப்டா விருதுகள் கிடைத்தன. ராகம் என்று எதையும் பிடிக்க முடியாது, வயலின்கள் ஒன்றோடொன்று உரசிக் கத்துகிற மாதிரி இருக்கும். ஹெட்போன் கட்டாயம்.

அதைவிட எனக்குப் பிடித்தது காற்றில்லாத இடங்கள். கப்பலுக்கு வெளியே கால் வைத்ததும் எல்லாச் சத்தமும் அடங்கிப் போகும். அவன் மூச்சு, அவன் பூட்ஸ் இரும்பில் படும் அதிர்வு, அவ்வளவுதான். முதுகில் ஆக்சிஜன் நொடிகள் குறைந்துகொண்டு வரும். பின்னால் ஒன்று வந்து நின்றாலும் கேட்காது. ஆட்டத்தில் மிகச் சிறந்த இடங்கள் அவைதான் என்பேன்.

பிசியில் மவுஸ் சேற்றில் இழுப்பது போல இருக்கிறது. என் மவுஸ் கெட்டுவிட்டதா?

மவுஸில் கோளாறு இல்லை. கேமின் செட்டிங்கில் வி-சிங்க் (படத்தைத் திரையின் வேகத்தோடு ஒத்துப்போக வைப்பது) என்று இருப்பதை ஆஃப் பண்ணுங்கள், அது ஆனாக இருந்தால் வேகம் நொடிக்கு 30 ஃபிரேமில் நின்றுவிடும், மவுஸும் பின்தங்கும். ஆஃப் பண்ணிய பிறகு கிராபிக்ஸ் கார்டின் சொந்த செட்டிங்கில் போய் வி-சிங்க்கை ஆன் பண்ணி, 60 ஃபிரேமுக்கு வரம்பு வையுங்கள். அதற்கு மேல் போகவிட வேண்டாம், ரொம்ப வேகமாக ஓடினால் உள்ளே பொருள்கள் தாறுமாறாக நகரும். இன்னும் பிடிக்கவில்லை என்றால் கன்ட்ரோலர் செருகி ஆடுங்கள், அதுவும் நன்றாகவே வேலை செய்கிறது. கார்டு இல்லாத இன்றைய லேப்டாப்பிலும் ஓடும், 7 ஜிபி இடம் இருந்தால் போதும்.

நோடு எதில் போடுவது? எந்தத் துப்பாக்கி வாங்குவது?

நோடு என்பது ஆயுதத்தையும் ஸூட்டையும் மேம்படுத்தச் செலவிடும் சாமான். முதலில் பிளாஸ்மா கட்டரின் சேதத்தைக் கூட்டுங்கள், பிறகு ஸூட்டின் உயிர். நான்கு ஆயுதம்வரை கையில் வைத்திருக்கலாம், ஆனால் எவற்றை வைத்திருக்கிறீர்களோ அவற்றுக்கான குண்டுதான் வழியில் கிடைக்கும், அதனால் எல்லாவற்றையும் வாங்கி மாட்டிக்கொண்டால் ஒன்றுக்கும் போதாது. என் தேர்வு கட்டர், லைன் கன் (அகலமாக வெட்டுவது), ரிப்பர். பூட்டிய அறைகளைத் திறக்கவும் ஒரு நோடு வேண்டும், ஆகவே எப்போதும் ஒன்று பையில் இருக்கட்டும். கடையில் ஒரு நோடு 10,000 கிரெடிட்.

நான்காவது அத்தியாயத்தில் விண்கல் சுடும் இடத்தில் பத்து தடவை செத்துவிட்டேன்.

எல்லோரும் சாகிற இடம் அது. மேலே சொன்ன மவுஸ் வேலையை முதலில் முடித்துவிட்டு உட்காருங்கள். தூரத்தில் இருப்பதைத் துரத்தாமல் கிட்டே வந்துவிட்டதை முதலில் அடியுங்கள். ஆட்டத்திலேயே எனக்குப் பிடிக்காத ஒரே பத்து நிமிஷம் இதுதான்.

கரெண்ட் போனால்?

சுவரில் இருக்கும் சேவ் நிலையங்களில் பதிந்ததுதான் நிற்கும். செத்தால் கொஞ்சம் முன்னாலிருந்து எழுவீர்கள், ஆனால் கம்ப்யூட்டரே அணைந்துவிட்டால் கடைசியாகப் பதிந்த இடம்தான். மழைக்காலத்தில் யுபிஎஸ் இல்லாமல் உட்காராதீர்கள்.

2023-ல் ரீமேக் வந்துவிட்டதே, பழையது எதற்கு?

மாண்ட்ரியலின் மோட்டிவ் ஸ்டுடியோ செய்த ரீமேக் 2023 ஜனவரி 27-ல் வந்தது, அதையும் ஆடினேன், மிக நன்றாகச் செய்திருக்கிறார்கள். கப்பல் முழுவதும் இடைவெளி இல்லாத ஒரே இடமாக இணைந்திருக்கிறது, சுட்டால் தோல், சதை, எலும்பு என்று அடுக்கடுக்காகப் போகிறது, அந்த விண்கல் இடத்தையும் மாற்றிவிட்டார்கள், இரண்டாவது சுற்றில் வேறு ஒரு முடிவும் உண்டு. ஆனால் 16 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1070 அளவுக்காவது ஒரு கார்டு, 50 ஜிபி இடம் வேண்டும், நம்மில் பல பேர் வீட்டில் அது இல்லை.

வசதி இருந்தாலும் முதலில் பழையதை ஆடச் சொல்வேன். ரீமேக்கில் ஐசக் பேசுகிறான், யோசனை சொல்கிறான், திட்டம் போடுகிறான். நல்ல மனிதனாக இருக்கிறான், எனக்குப் பிடித்தது. ஆனால் சொன்ன இடத்துக்கெல்லாம் சத்தமில்லாமல் நடந்துபோன அந்த ஆள் அதில் இல்லை. இன்னொன்று, எடையில்லாத இடங்களில் ரீமேக்கில் பறக்கலாம். பழையதில் எதிர்ச் சுவரைக் குறி பார்த்துத் தாவ வேண்டும், தாவிவிட்டால் போய்ச் சேரும்வரை திரும்ப முடியாது. தரை எது, கூரை எது என்று மூளை குழம்பி நிற்கும் அந்த இரண்டு நொடியைப் பறக்கும்போது நான் ஒருமுறை கூட உணரவில்லை.

பையன் கேட்கிறான், கொடுக்கலாமா?

வேண்டாம். பெரியவர்களுக்கானது என்றே முத்திரை குத்தி விற்கிறார்கள், அது சரியான முத்திரை. அக்கா பையனுக்குப் பன்னிரண்டு வயது, அவனிடமும் இல்லை என்றுதான் சொன்னேன்.

முடிவைப் பற்றிப் பேசலாமா? (ஆடி முடிக்காதவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்.)

நிக்கோல் ஐசக் வருவதற்கு முன்பே இறந்துவிட்டாள், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டாள். ஆரம்பத்தில் அவன் திரும்பத் திரும்பப் பார்க்கும் அந்த வீடியோவின் கடைசிப் பகுதியில் அது இருக்கிறது, அதை நமக்குக் காட்டவில்லை. வழியெல்லாம் அவன் பார்த்த நிக்கோல், கிரகத்திலிருந்து கொண்டுவந்த மார்க்கர் என்ற அந்தப் பொருள் காட்டிய மாயை. பன்னிரண்டு அத்தியாயங்களின் ஆங்கிலத் தலைப்புகளில் முதல் எழுத்தை மட்டும் எடுத்து வரிசையாகச் சேர்த்தால் "நிக்கோல் இறந்துவிட்டாள்" என்று ஆங்கிலத்தில் வரும். முதல் அத்தியாயத்திலிருந்தே கேம் நம்மிடம் சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

இதை ஏமாற்று என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன், நான் அப்படிப் பார்க்கவில்லை. அப்பா போன மறுநாளே நான் ஷிப்டுக்குப் போனவன். கையில் வேலை இருக்கும்வரை அந்த வீடியோவின் மிச்சத்தைப் பார்க்க வேண்டியதில்லை. ஐசக் ஏன் ஒவ்வொரு பழுதையும் மறுக்காமல் போய்ப் பார்த்தான் என்பது எனக்கு அந்தக் கடைசிக் காட்சியில்தான் தெரிந்தது.

முடித்துவிட்டேன், அடுத்து என்ன?

2011-ல் வந்த இரண்டாம் பாகம். சனிக் கோளின் துணைக்கோளான டைட்டனில் ஒரு குடியிருப்பில் நடக்கிறது, சண்டையாகப் பார்த்தால் முதலாவதைவிட நன்றாக இருக்கும், ஐசக் அதில் பேசுவான். 2013-ன் மூன்றாம் பாகம் கூட்டாளியோடு ஆட நன்றாக இருக்கும், தனியாக ஆட அவ்வளவு இல்லை. 2017-ல் ஸ்டுடியோவையே மூடிவிட்டார்கள்.

அதற்கு முன்னால் முதல் பாகத்தையே இன்னொரு சுற்று, வேறு துப்பாக்கி எதையும் தொடாமல் பிளாஸ்மா கட்டரை மட்டும் வைத்து ஆடிப் பாருங்கள். அப்படி முடித்தால் அதற்கென்றே ஒரு பதக்கம் உண்டு, கட்டருக்கான குண்டு மட்டுமே கிடைத்துக்கொண்டிருப்பதால் நினைப்பதைவிடச் சுலபம். நான் இப்போது அதில் ஏழாவது அத்தியாயத்தில், சுரங்கத் தளத்தில் நிற்கிறேன். இன்று ராத்திரி அந்த அபாய சமிக்ஞைக் கருவியைக் கொண்டுபோய் மாட்ட வேண்டும்.